ஓவன் கோய்ல்: தூக்கி நிறுத்துபவரா, கட்டி எழுப்புபவரா?

கோரமண்டல் நீலம்:

2025-இல் பயிற்சியாளர் ஓவன் கோய்ல், இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்து அணியான நம் சென்னையின் எஃப்சியை விட்டு விலகியபோது, 'நல்லவேளை, தொலைந்தார்' என்று எழுதியவர்கள் நம்மிலேயே பலர். 2020 மார்ச்சில் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவர்களும் அவர்களேதான். 2024-25-இல் முடித்த பதினோராம் இடம் எனக்கும் வலித்தது. ஆனாலும் அந்த ஸ்காட்லாந்துக்காரரின் உழைப்பை நாம் சரியாக எடை போடவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. அதனால்தான் தனி இழை தொடங்குகிறேன்.

புதியவர்களுக்காகச் சுருக்கமாக: 1966-இல் பெய்ஸ்லியில் பிறந்தவர், முன்கள வீரர். டம்பார்ட்டன், கிளைடுபேங்க், ஏர்ட்ரி, போல்டன், டண்டீ யுனைடெட், மதர்வெல் என்று கிளப் மாறிக்கொண்டே இருந்தவர். ஐரிஷ் வம்சாவளி என்பதால் 1994-இல் அயர்லாந்துக்காக நெதர்லாந்துக்கு எதிராக மாற்று வீரராக இறங்கினார். அது ஒன்றுதான் அவருடைய சர்வதேச ஆட்டம். பயிற்சியாளராக இங்கிலாந்தில் பர்ன்லி, போல்டன், விகன், பிளாக்பர்ன். கடல் கடந்து ஹூஸ்டன், சென்னை, ஜாம்ஷெட்பூர், மறுபடியும் சென்னை.

என் வாதம் இதுதான். துவண்டு கிடக்கும் அணியைச் சில வாரங்களில் எழுப்பி ஓட வைப்பதில் அவருக்கு நிகரானவர்கள் குறைவு. 2019-20 சீசனை நினைத்துப் பாருங்கள். முதல் நான்கு ஆட்டங்களில் நமக்கு ஒரு கோல்கூட இல்லை. ஆறு ஆட்டங்கள் முடிந்தபோது ஒரே வெற்றி, மொத்தம் நான்கு கோல்கள். பயிற்சியாளர் ஜான் கிரெகரி விலகினார். டிசம்பரில் கோய்ல் வந்தார். அடுத்த 12 லீக் ஆட்டங்களில் 7 வெற்றி, 3 டிரா, 2 தோல்வி, 28 கோல்கள். வீரர்கள் மாறவில்லை: அதே வால்ஸ்கிஸ், அதே கிரிவெல்லாரோ, அதே தாபா, அதே சாங்டே. கடைசி வரிசையில் கிடந்த அணி நான்காம் இடம் பிடித்து, அரையிறுதியில் கோவாவை வென்று, இறுதிப் போட்டிக்கே போய்விட்டது.

இப்படிப்பட்ட ஒருவரை 2023-இல் திரும்ப அழைத்து, மூன்று சீசன்களாகத் தொடர்ந்து எட்டாம் இடத்தில் முடித்த கிளப்பை அடித்தளத்திலிருந்து கட்டித் தரும்படி கேட்டோம். அது அவருடைய வேலையே இல்லை என்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மேற்கு மாடம்:

நண்பரே, 2020 பிப்ரவரி 29-ஆம் தேதி நேரு மைதானத்தில் இருந்தவன் நான். கோவாவுடன் அரையிறுதியின் முதல் ஆட்டம். முதல் பாதி கோல் இல்லை. எங்கள் மாடத்தில் எல்லோரும் கோவாவின் எதிர்த்தாக்குதலை நினைத்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் பாதியில் கோயான் அடித்தார், தாபா அடித்தார், எலி சாபியா அடித்தார், சாங்டே அடித்தார். நால்வரில் இருவர் மையத் தடுப்பாட்டக்காரர்கள்! கார்னர் கிடைத்தால் பின்களத்தில் யார் இருக்கிறார்கள் என்ற கவலையே இல்லாமல் எல்லோரும் மேலே ஏறினார்கள். கிரெகரியின் கடைசி வாரங்களில் இதே ஆட்கள் பந்தைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்தவனுக்குத்தான் அந்த மாற்றத்தின் அளவு தெரியும்.

பத்தாம் எண்:

கோரமண்டல் அண்ணா, உங்கள் புள்ளிவிவரம் சரி. ஆனால் அதே அரையிறுதியின் மறுபாதியையும் எழுத வேண்டும். 4-1 என்று முன்னிலையோடு கோவாவுக்குப் போன அணி முதல் பாதியிலேயே 2-0 பின்தங்கியது. இடைவேளைக்குப் பிறகு சாங்டேயும் வால்ஸ்கிஸும் அடித்திருக்காவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அதன் பிறகும் இரண்டு கோல்கள் வாங்கி 4-2 என்று தோற்று, மொத்தக் கணக்கில் 6-5 என்று தப்பித்தோம். மூன்று கோல் முன்னிலையைப் பாதுகாக்கத் தெரியாதது எழுச்சியின் மறுபக்கம்.

அவருடைய முறையில் ஓரப் பின்களக்காரர்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஏறுவார்கள். பந்தை இழந்த கணத்தில் எதிராளியை நெருக்குவார்கள். அந்த நெருக்கடி பலித்தால் எதிரணி மூச்சுத் திணறும். பலிக்காவிட்டால் இரண்டு மையத் தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் பாதி மைதானம் காலியாகக் கிடக்கும். கொச்சியில் கேரளாவை 6-3 என்று வென்றோமே, அந்த ஒரு ஸ்கோரிலேயே அவருடைய பலமும் பலவீனமும் இருக்கின்றன. ஆறு அடித்தது பற்றிப் பேசுகிறோம். ஓக்பேச்சே நமக்கு எதிராக ஹாட்ரிக் அடித்ததைப் பேசுவதில்லை.

இறுதிப் போட்டியில் கொல்கத்தாவின் ஏடிகே அணி இதைத்தான் பயன்படுத்தியது. ஹாவி ஹெர்னாண்டஸ் பத்தாவது நிமிடத்தில் அடித்த பிறகு அவர்கள் அவசரப்படவில்லை. நாம் ஏறுவதற்காகக் காத்திருந்தார்கள். 3-1.

லங்காஷயர்வாசி:

வணக்கம். நான் பர்ன்லிக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். கோய்ல் பெயரை இங்கே எடுத்தால் பதினைந்து ஆண்டுகள் கழித்தும் குரல்கள் உயரும். அந்தப் பின்னணி தெரியாமல் அவரைப் பற்றிப் பேச முடியாது.

2007 நவம்பரில் செயின்ட் ஜான்ஸ்டனிலிருந்து பர்ன்லிக்கு வந்தார். 2008-09 லீக் கோப்பையில் செல்சியை அவர்கள் மண்ணிலேயே பெனால்டியில் வீழ்த்தினார். ஆர்சனலை 2-0 வென்றார். அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் டோட்டனமிடம் 4-1 தோல்வி. யாரும் நம்பிக்கை வைக்கவில்லை. பர்ன்லியின் மைதானமான டர்ஃப் மூரில் இரண்டாவது ஆட்டம்: தொண்ணூறு நிமிடங்களில் பர்ன்லி 3-0. மொத்தக் கணக்கு 4-4. வெளியூர் கோல் விதி (கணக்கு சமமானால் எதிரணி மைதானத்தில் அதிகம் அடித்த அணிக்கு வெற்றி) தொண்ணூறாவது நிமிடத்திலேயே அமலாகியிருந்தால் பர்ன்லி இறுதிப் போட்டிக்கு வெம்பிளி போயிருக்கும். அந்தப் போட்டியில் அது கூடுதல் நேரத்துக்குப் பிறகுதான் கணக்கில் வரும். கூடுதல் நேரத்தின் கடைசி இரண்டு மூன்று நிமிடங்களில் பாவ்லியுசெங்கோவும் டிஃபோவும் அடித்தார்கள். அந்த இரவைப் பற்றிப் பேசும்போது இங்குள்ள பெரியவர்களின் கண்கள் இன்றும் கலங்குகின்றன.

அதே சீசனின் முடிவில் பிளே-ஆஃப் இறுதியில் ஷெஃபீல்டு யுனைடெடை 1-0 வென்று, 33 ஆண்டுகளுக்குப் பிறகு பர்ன்லியை முதல் பிரிவுக்குக் கொண்டுபோனார். கோல் அடித்தவர் வேட் எலியட். அடுத்து 2009 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட் டர்ஃப் மூருக்கு வந்தது. ராபி பிளேக் பந்து தரையில் படுமுன் அடித்த கோல், கேரிக்கின் பெனால்டியை பிரையன் ஜென்சன் தடுத்தார், 1-0. அந்தக் கோடையில் செல்டிக் கூப்பிட்டும் போகாதவர் என்பதால் மக்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே பார்த்தார்கள்.

ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 2010 ஜனவரியில், சீசன் பாதியில், பக்கத்து ஊரான போல்டனுக்குப் போய்விட்டார். பர்ன்லி அந்தச் சீசனிலேயே கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. போல்டன் தப்பித்தது. அடுத்த முறை அவர் டர்ஃப் மூரில் நின்றபோது யூதாஸ் என்றே கூவினார்கள்.

ஆகவே 'தூக்கி நிறுத்துபவர்' என்ற பட்டத்தை நான் ஏற்கிறேன். தூக்கி நிறுத்திய பிறகு யார் பிடித்துக்கொண்டு நிற்பது என்ற கேள்வி பர்ன்லிக்காரர்களுக்கு இன்னும் இருக்கிறது.

மேற்கு மாடம்:

நம்மையும் அப்படித்தான் விட்டுப் போனார். இறுதிப் போட்டி மார்ச்சில். ஆகஸ்டில் ஜாம்ஷெட்பூர் பயிற்சியாளர். அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி வென்ற வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். அந்தக் கோபம் எனக்கு ஆறச் சில ஆண்டுகள் ஆயின.

எஃகு நகரம்:

ஜாம்ஷெட்பூரில் வாழும் தமிழன் என்ற முறையில் நான் குறுக்கிட வேண்டியிருக்கிறது. இந்த இழையின் தலைப்பிலேயே எனக்கு உடன்பாடில்லை. அவரால் கட்டி எழுப்ப முடியாது என்றால் 2021-22 என்ன?

2020-21-இல் வந்தார், ஆறாம் இடம். பெரிய ஆரவாரம் இல்லை. ஆனால் அந்த ஆண்டே பீட்டர் ஹார்ட்லியை கேப்டனாக்கிப் பின்களத்தைத் திடப்படுத்தினார். அடுத்த ஆண்டு ரேஞ்சர்ஸிலிருந்து வெளியேறியிருந்த கிரெக் ஸ்டூவர்ட்டை அழைத்து வந்தார். சீசனின் நடுவில் ஈஸ்ட் பெங்காலிலிருந்து டேனியல் சீமா சுக்வு. ஈஸ்ட் பெங்காலில் தடுமாறிக்கொண்டிருந்தவர் இங்கே வந்ததும் கோலாக அடித்தார். 20 ஆட்டங்களில் 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி, 43 புள்ளிகள். கடைசி ஏழு ஆட்டங்களும் வெற்றி. ஏழாவது ஆட்டம் ஏடிகே மோகன் பகானுடன். அன்று அவர்கள் பெரிய வித்தியாசத்தில் வென்றிருந்தால் லீக்கில் முதலிடம் பிடித்தவருக்கான ஷீல்டு அவர்களுக்குப் போயிருக்கும். ரித்விக் தாஸ் அடித்த ஒற்றைக் கோலில் 1-0 என்று முடித்தோம். பத்தாம் எண் தம்பி, அந்த ஆட்டத்தில் முன்னிலையைப் பாதுகாக்கத் தெரியாத அணியையா பார்த்தீர்கள்?

ஒரு வருத்தம் மட்டும் எங்கள் ஊருக்கு உண்டு. தொற்றுக் காலம் என்பதால் அந்தச் சீசன் முழுவதும் கோவாவிலேயே நடந்தது. எங்கள் கிளப்பின் முதல் பெரிய வெற்றியை எங்கள் மைதானத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. அரையிறுதியில் கேரளாவிடம் 2-1 என்ற மொத்தக் கணக்கில் தோற்றதும், குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்று சொல்லி ஊர் திரும்பிவிட்டார். மாதக்கணக்கில் ஓட்டல் அறைக்கும் மைதானத்துக்கும் நடுவில் அடைந்து கிடந்த ஒருவர் வீட்டை நாடியதை நான் குறை சொல்ல மாட்டேன்.

பத்தாம் எண்:

எஃகு நகரம் அண்ணா, அந்தச் சீசனை நானும் முழுதாகப் பார்த்தேன். ஆனால் எல்லா ஆட்டங்களும் ஒரே மாநிலத்தில், பயணம் இல்லை, ஒரே ஓட்டலில் தங்கல், வெளித் தொடர்பு இல்லை. வீரர்களைத் தினமும் பேசிப் பேசி உற்சாகப்படுத்தும் ஒருவருக்கு அதைவிட ஏற்ற சூழல் கிடையாது. ஸ்டூவர்ட் என்ற ஒரு மனிதரையும் கழித்துப் பாருங்கள். 10 கோல்கள், 10 கோல் உதவிகள், சீசனின் சிறந்த வீரர். சென்னையில் இரண்டாம் முறை அவருக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

எஃகு நகரம்:

ஸ்டூவர்ட் வானத்திலிருந்து விழவில்லையே, தம்பி. அவரைத் தேர்ந்து, பேசி, அழைத்து வந்து, சரியான இடத்தில் ஆட வைத்தது யார்? அணியைக் கட்டுவது என்றால் வேறு என்ன?

பழைய கோல்கீப்பர்:

இளைஞர்கள் நன்றாக வாதிடுகிறீர்கள். எனக்கு இரண்டு விஷயங்கள் சொல்ல வேண்டும்.

முதலாவது, ஸ்காட்லாந்துக்காரர்கள் கடல் கடந்து போய்க் கால்பந்து சொல்லித் தருவது நூறாண்டு கடந்த மரபு. அதில் தலையாயவர் ஜேக் மேடன். டம்பார்ட்டனில் கப்பல் கட்டும் தளத்து உழைப்பாளியாக இருந்து செல்டிக்கில் ஆடியவர். 1905-இல் பிராகாவுக்குப் போய் ஸ்லாவியா அணியின் பயிற்சியாளர் ஆனார். 1930 வரை அதே கிளப், இருபத்தைந்து ஆண்டுகள்! ஊர் திரும்பவே இல்லை; 1948-இல் பிராகாவிலேயே காலமானார். அவருடைய எதிரணியான ஸ்பார்டாவைப் பயிற்றுவித்தவரும் ஜான் டிக் என்ற ஸ்காட்லாந்துக்காரர்தான். செக் கால்பந்தின் குறுகிய பாஸ் பாணிக்கு இந்த இருவரும் வழி போட்டார்கள். மறுபக்கம் கிரேம் சூனெஸ். 1996-இல் கலாடசராய் துருக்கிக் கோப்பையை ஃபெனர்பாசே மைதானத்திலேயே வென்றபோது, மைதானத்தின் நடுவே ஓடிப்போய்த் தன் கிளப்பின் கொடியை நட்டுவிட்டு வந்தார். ஒரே சீசன்தான் அங்கே இருந்தார். ஆனால் இஸ்தான்புல்லில் இன்றும் அந்தக் கொடியைப் பேசுகிறார்கள். ஒருவர் கால் நூற்றாண்டு, மற்றவர் ஓராண்டு. இரண்டும் வெளிநாட்டுப் பயிற்சியாளர் வாழ்க்கையின் உண்மையான வடிவங்களே. கோய்லை மேடனின் அளவுகோலால் அளப்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

இரண்டாவது, 2012 மார்ச் 17. டோட்டனம் மைதானத்தில் எஃப்ஏ கோப்பைக் காலிறுதி. போல்டனின் ஃபாப்ரீஸ் முவாம்பா ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று சாய்ந்தார். 78 நிமிடங்கள் அவர் இதயம் தானாகத் துடிக்கவில்லை. கோய்ல் ஆட்டத்தை மறந்தார், லீக் அட்டவணையை மறந்தார். மருத்துவமனைக்குக் கூடவே போனார், குடும்பத்தாரோடு அங்கேயே நின்றார். அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் அபாயத்தில் இருந்த நாட்கள் அவை. முவாம்பா பிழைத்தார். போல்டன் கடைசி நாளில் ஸ்டோக்கோடு 2-2 டிரா செய்து ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் இறங்கிவிட்டது. அந்த இறக்கத்தை மட்டும் அவர் பெயரோடு சேர்த்துப் பேசுகிறோம். வீரர்கள் ஏன் அவருக்காக ஓடுகிறார்கள் என்று கேட்பவர்கள் அந்த வாரத்தைப் படிக்க வேண்டும்.

லங்காஷயர்வாசி:

ஐயா, அந்த வாரத்தில் அவர் நடந்துகொண்ட விதத்தை பர்ன்லிக்காரர்களும் மனதார மதித்தார்கள். போல்டன் இறங்கியதற்கு வேறு காரணங்களும் உண்டு. 2011-இல் ஸ்டூவர்ட் ஹோல்டனுக்கு முழங்கால் போயிற்று. அதே ஆண்டு ஜூலையில் சீசனுக்கு முந்தைய ஆட்டத்தில் லீ சுங்-யோங்கின் கால் முறிந்தது. நடுக்களத்தின் உயிரே போன பிறகு அவரால் அந்த அணியை ஓட வைக்க முடியவில்லை. அதற்கு முன் கடன் அடிப்படையில் வந்த வில்ஷியரையும் ஸ்டரிட்ஜையும் அவர் எப்படி வளர்த்தார் என்பதையும் மறக்கக் கூடாது. ஸ்டரிட்ஜ் 12 ஆட்டங்களில் 8 கோல் அடித்தார்.

மேற்கு மாடம்:

ஹூஸ்டனைப் பற்றி யாரும் பேசவில்லையே?

கோரமண்டல் நீலம்:

அங்கே பேசுவதற்கு அதிகம் இல்லை, நண்பரே. 2014 டிசம்பரில் பொறுப்பேற்றார், 2016 மே மாதம் விலகினார். 2015-இல் பிளே-ஆஃப் வாய்ப்பு கிடைக்கவில்லை. குடும்பம் பிரிட்டனில், வேலை டெக்சாஸில். கவனிக்க வேண்டியது ஒன்று: அவருக்கு முன் அந்த கிளப்பை ஆண்டுக்கணக்கில் நடத்தி 2006, 2007 அமெரிக்க லீக் கோப்பைகளை வென்ற டொமினிக் கின்னியர் பிறந்ததும் கிளாஸ்கோவில்தான். கோய்ல் போனது துவண்ட அணிக்கு இல்லை. வேறொருவர் தன் கையால் வளர்த்த அணிக்கு. என் வாதத்துக்கு அதுவும் ஒரு சான்று.

எஃகு நகரம் சொல்லும் 2021-22-ஐ நான் ஒதுக்கவில்லை. ஆனால் அந்த வெற்றி எப்படி வந்தது? குறுகிய சீசன், ஒரே முகாம், வெளிநாட்டு வீரர் ஓரிருவரின் தேர்வு அற்புதமாக அமைந்தது. அன்றைய ஐஎஸ்எல் சீசனின் 20 ஆட்டங்கள் என்பதே இங்கிலாந்தின் ஏறக்குறைய பாதி சீசன். அந்தப் பாதி சீசனில் அவர் யாருக்கும் சளைத்தவர் அல்லர். 2023-இல் நாம் கேட்டது வேறு: இளம் வீரர்களை வளர்த்து, மாற்று வரிசையை உருவாக்கி, மூன்றாண்டுத் திட்டம். அதற்குப் பயிற்சியாளர் மட்டும் போதாது. இளையோர் அணி வேண்டும், வீரர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் அமைப்பு வேண்டும். அதை கிளப் நிர்வாகம்தான் செய்திருக்க வேண்டும்.

பத்தாம் எண்:

இதில் உங்களோடு நிற்கிறேன், அண்ணா. உள்ளூர் வீரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-20-இல் நம் ஊர் எட்வின் சிட்னி வான்ஸ்பால் நீலச் சட்டையில் ஆடினார். அவர் சென்னை சிட்டியில் ஐ-லீக் வென்று, தயாராகி வந்தவர். அப்படித் தயார் செய்து அனுப்பும் கிளப்புகள் தமிழ்நாட்டில் எத்தனை? வியாசர்பாடியிலும் வடசென்னையிலும் பந்து உதைக்கும் பையன்கள் குறையவில்லை. அவர்களைப் பதினாறு வயதிலிருந்து ஐஎஸ்எல் வரை கொண்டுவரும் படிக்கட்டு இல்லை. ஸ்காட்லாந்திலிருந்து வரும் ஒருவர் இரண்டு சீசன்களில் அந்தப் படிக்கட்டைக் கட்ட முடியாது.

மேற்கு மாடம்:

2023-24-ஐ முழுத் தோல்வி என்று யாரும் எழுத வேண்டாம். முதல் மூன்று ஆட்டங்களும் தோல்வி. பிறகும் விழுந்து எழுந்து, 2019-20-க்குப் பிறகு முதல் முறையாக பிளே-ஆஃபுக்குப் போனோம். 2024 மார்ச் 31, கொல்கத்தாவில் மோகன் பகானோடு ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். ஜோர்டன் மரே சமன் செய்தார், ரையன் எட்வர்ட்ஸ் தலையால் முட்டி முன்னிலை தந்தார், அவர்கள் 2-2 ஆக்கினார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, 90 நிமிடங்களுக்குப் பின் சேர்க்கப்பட்ட நேரத்தில் இர்ஃபான் யாத்வாட் மூன்றாவதை அடித்தார். அவர்களுடைய மைதானத்தில்! அதன் பிறகு பிளே-ஆஃபில் கோவாவிடம் 2-1 தோற்றோம், சரி. ஆனால் அந்த அணி கடைசி நிமிடம் வரை நம்பியது. 2024-25-இல் எங்கே போனது அந்த நம்பிக்கை என்பதுதான் என் கேள்வி.

பழைய கோல்கீப்பர்:

தம்பி, என் கணிப்பைச் சொல்கிறேன். அவருடைய முறைக்குக் கால்கள் வேண்டும். ஓயாமல் ஓடும் கால்கள். 24 ஆட்டங்கள், நீண்ட பயணங்கள், சென்னையின் புழுக்கம். மாற்றாக இறங்குபவர் அதே வேகத்தில் ஓடக்கூடியவராக இல்லாவிட்டால் அறுபதாவது நிமிடத்தில் நெருக்கடி தளரும். தளர்ந்தால் பின்னால் உள்ள இடைவெளியை எதிரணி கண்டுபிடித்துவிடும். கோல்கீப்பராக நின்றவனுக்கு அந்த இடைவெளி முதலில் தெரியும். தொலைக்காட்சியில் பந்தைத்தான் காட்டுவார்கள். நேரில் பார்த்தால் நம் நடுக்களக்காரர்கள் திரும்பி ஓடும் தூரம் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தது தெரிந்திருக்கும்.

லங்காஷயர்வாசி:

குயின்ஸ் பார்க்கிலும் இதே கதைதான், ஐயா. இந்தியாவின் இரண்டு கட்டங்களுக்கு நடுவே அவர் ஸ்காட்லாந்தில் செய்த வேலை. 2022-23 இரண்டாம் பிரிவில் பட்டத்துக்கு நெருக்கமாக ஓடினார்கள். கடைசி நாள் டண்டீயோடு ஆட்டம், வென்றால் பட்டம். 5-3 என்று தோற்றார்கள். பிறகு பிளே-ஆஃபில் பார்ட்டிக் திஸிலிடமும் விழுந்தார்கள். பட்டம் தீர்மானிக்கும் ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தும் தோற்கும் அணி!

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1995 வெம்பிளி பிளே-ஆஃப் இறுதியில் போல்டன் ரெடிங்கிடம் 2-0 பின்தங்கியிருந்தபோது, 75-ஆவது நிமிடத்தில் முதல் கோலை அடித்தவர் கோய்ல். கூடுதல் நேரத்தில் 4-3 வெற்றி. மறு ஆண்டு டண்டீ யுனைடெடை மேல் பிரிவுக்கு ஏற்றிய கூடுதல் நேரக் கோலும் அவருடையது. தோற்றுவிட்டோம் என்று எல்லோரும் முடிவு கட்டிய பிறகு ஜெயித்துப் பழகிய ஆட்டக்காரர் அவர். முன்னிலையைப் பூட்டி வைப்பதைப் பற்றி அவர் அதிகம் கவலைப்படாததற்கு அங்கே வேர் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கோரமண்டல் நீலம்:

இதை நான் யோசித்ததில்லை. எஃகு நகரம் நண்பரிடம் ஒரு கேள்வி: ஜாம்ஷெட்பூரின் அந்த ஏழு வெற்றித் தொடரில் பின்களம் அவ்வளவு இறுக்கமாக இருந்ததற்குக் கோய்ல் தன் முறையை மாற்றிக்கொண்டதுதான் காரணமா, ஆட்கள்தாம் காரணமா? மாற்றிக்கொண்டார் என்றால், சென்னையில் ஏன் செய்யவில்லை என்ற கேள்வி வரும். என் தலைப்பையே மாற்ற வேண்டியிருக்கும்.

எஃகு நகரம்:

இரண்டும்தான், நண்பரே. ஹார்ட்லி பின்களத்தை ஓயாமல் கத்திக் கத்தி ஒழுங்குபடுத்துவார். அவர் இருக்கும்வரை ஓரப் பின்களக்காரர்களில் ஒருவர் ஏறினால் மற்றவர் நிற்பார். முன்னே ஸ்டூவர்ட் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரைத் தன்பால் இழுப்பார். அந்த நேரத்தில் நம் ஆட்கள் தங்கள் இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள். இடது காலால் அவர் பந்தை நிறுத்தி, தலையைத் தூக்கி, யாரும் அவசரப்பட வேண்டாம் என்பதுபோல் நிற்கும் அந்த இரண்டு நொடிகள் எங்கள் பின்களத்துக்குக் கிடைத்த ஓய்வு. கோய்லின் வேகத்துக்கு நடுவே வேகத்தைக் குறைக்கத் தெரிந்த ஒருவர் இருந்தார். சென்னையில் 2020-இல் அந்த வேலையைக் கிரிவெல்லாரோ செய்தார். 2024-25-இல் அதைச் செய்ய உங்களிடம் யார் இருந்தார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.